நான்கு விரல் தண்ணீர்

ஜூன் 2, திங்கள்

வெயில். கத்திரி முடிந்துவிட்டதாம், காலண்டரில் மட்டும்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. யாழினி இரண்டாம் வகுப்பு. வேனில் ஏற்றிவிட்டேன். என் மனைவி செல்வி, அவள் வேலை பார்க்கும் போன் கம்பெனியின் பஸ்ஸில் விடியும் முன்பே போய்விட்டாள். தெரு காலி. சேரப்பணஞ்சேரியில் இந்த நேரத்துக்கு வீட்டில் இருக்கும் ஆம்பளை ஒன்று கிழவன், இல்லை நைட் ஷிப்டு முடித்துத் தூங்குகிறவன், இல்லை நான்.

பின்பக்கம் காற்றில் சாய்ந்த முருங்கையின் குழி அப்படியே கிடக்கிறது. நேற்று யாழினி அதன் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள்: "இதுல மீன் வளக்கலாமாப்பா?" போனில் தேடினேன். ஒரு ஆள் ஒரே நாளில் குட்டை வெட்டித் தண்ணீர் விட்டு, தாமரை வைத்து, சிரிக்கிறான். சட்டையில் ஒரு பொட்டு மண் இல்லை.

சரி, வெட்டுவோம். வேறென்ன வேலை.

கடப்பாரை இருக்கிறது. மண்வெட்டிக்குக் காம்பு போட வேண்டும். இரும்புச் சட்டி பக்கத்து வீட்டு மேரி அக்காவிடம்.

ஜூன் 3, செவ்வாய்

ஒன்றரை அடிக்குக் கீழே சரளை. கடப்பாரை எகிறுகிறது. கை இரண்டிலும் கொப்புளம். கம்பெனியில் வருஷக்கணக்காகக் கையுறை போட்டு வேலை செய்த கை. ஈரம் தெரியும், மண் தெரியாது.

மேரி அக்கா மதில் மேல் தலையை வைத்து, "இன்னா தம்பி, கக்கூஸ் டேங்க்கா? ஏற்கெனவே ஒண்ணு கீதே" என்றார். குட்டை என்றேன். "குட்டையா? எதுக்கு?" மீனுக்கு என்றேன். "திங்கவா?" பார்க்க என்றேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாவம்" என்று சொல்லவில்லை. சட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடையில் ஒருவன்: "தலைவரே, கொளம் வெட்றீங்களாமே! எப்ப உள்ள எடுப்பாங்க?" இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறான்.

எப்போது எடுப்பார்கள் என்று எனக்கு மட்டும் தெரியுமா. வேலையை நிறுத்தித் தரையில் உட்கார்ந்ததற்கு சஸ்பென்ஷன். பாதிச் சம்பளம். என்கொயரி தள்ளிப் போகிறது, திரும்பவும் தள்ளிப் போகிறது. வேறு வேலைக்குப் போனால் அதுவே குற்றமாம். வெளியூர் போக வேண்டுமானால் எழுதிக் கேட்க வேண்டும். வேலையும் இல்லை, விடுதலையும் இல்லை. ஆட்டோ ஓட்டலாம் என்று பார்த்தால் ஒரகடம் கூட்ரோட்டில் தினமும் நம் கம்பெனி ஆள் யாராவது நிற்கிறான்.

வெட்டு. வெட்டினால் யோசனை வருவதில்லை.

ஜூன் 5, வியாழன்

சாயந்திரம் தூறல். மண் வாசனையோடு சரி.

குழி தயார். எட்டடிக்கு ஆறடி. நடுவில் தொடையளவு ஆழம், ஓரத்தில் சுற்றிலும் ஒரு படி, செடித் தொட்டி வைக்க. ஓரம் மட்டமாக இல்லை என்று கண்ணுக்குத் தெரியவில்லை. கொத்தனார்கள் போலக் கண்ணாடி டியூபில் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். வடக்குப் பக்கம் ஒரு சாண் பள்ளம்! அப்படியே தண்ணீர் விட்டிருந்தால் எல்லாம் மேரி அக்கா வீட்டுக்குப் போயிருக்கும். மண் போட்டு, மிதித்து, அடித்து, திரும்பவும் மட்டம் பார்த்து, முதுகு போய்விட்டது.

செல்வி வந்து குழியைப் பார்த்தாள். கையில் இன்னும் கம்பெனி ஐடி கார்டு. "நல்லாத்தான் கீது" என்றாள். அப்புறம், "எனக்கு அடுத்த வாரத்துலேந்து நைட்டு போட்டுட்டாங்க. ஓவர்டைம் இருக்காம்." நான்தான் சமைக்கிறேன், நான்தான் வேனில் ஏற்றுகிறேன், ஒன்றும் கஷ்டமில்லை என்றேன். "கஷ்டம்னு நான் சொன்னனா?"

சொல்லவில்லை. அதுதான்.

ஜூன் 7, சனி

தண்ணீர் நிற்க அடியில் விரிக்க ஷீட் வேண்டும். கடையில் கேட்ட விலைக்கு மீனை ஓட்டலிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பரணில் பிளெக்ஸ் பேனர் இருந்தது. கம்பெனி வாசலில் எங்கள் தொழிலாளர் சங்கப் பெயர்ப்பலகை திறந்த அன்று கட்டியது. நல்ல கனம். மழைக்காலத்தில் இந்த ஊரில் பாதி வீட்டுக் கூரை மேல் கிடப்பது யாருடைய கல்யாண பேனரோதான், குட்டைக்கு ஏன் ஆகாது?

விரித்துப் பார்த்தேன். நடுவில் குணா, பெரிதாக, கை கூப்பிக்கொண்டு. சங்கச் செயலாளர் இல்லையா. கீழே வரிசையாக வட்ட வட்டமாக நாங்கள். கடைசி வட்டத்தில் நான், கண் பாதி மூடியிருக்கிறது. போட்டோ எடுத்தவனை அன்றைக்கே திட்டினேன்.

படம் கீழே, வெள்ளைப் பக்கம் மேலே என்று முடிவு. குணா முகத்தின் மேல் மீன் நீந்தினால் நன்றாகவா இருக்கும்.

ஒரு சிக்கல். பெரிய பேனர் காற்றுக்குக் கிழியாமல் இருக்க அங்கங்கே அரைவட்டமாக வெட்டி விடுவோம், காற்று அதன் வழியே போய்விடும். அன்று ஏணி மேல் ஏறிக் கட்டரால் வெட்டியவன் நான்தான். இப்போது அதையெல்லாம் தேடித் தேடி சைக்கிள் டியூப் ஒட்டு போட்டேன். சொல்யூஷன் நாற்றம் கையை விட்டுப் போகவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பழைய சாக்கு, அதன் மேல் மணல், அதன் மேல் பேனர். மோட்டார் போட்டு நிரப்பினோம். யாழினி ஜட்டியோடு உள்ளே இறங்கிவிட்டாள். செல்வி திட்டிக்கொண்டே காலை மட்டும் விட்டு உட்கார்ந்தாள். மேரி அக்கா சர்ச்சிலிருந்து வந்து மதில் மேல் எட்டி, "அட, நெசமாவே குட்டைதான்!" என்றார்.

மூன்று பேரும் பின்பக்கமே சாப்பிட்டோம். மீன் குழம்பு. யாழினி குட்டையைத் திரும்பிப் பார்த்துவிட்டு மீன் வேண்டாம் என்றாள்.

நல்ல நாள்.

ஜூன் 9, திங்கள்

தண்ணீர் நான்கு விரல் இறங்கியிருக்கிறது.

எனக்கு எப்படி இருக்கும்? கம்பெனியில் என் வேலையே ஷவர் டெஸ்ட். முடிந்த காரை ஒரு ரூமுக்குள் விட்டுக் கதவைச் சாத்தி, நாலா பக்கமும் தண்ணீர் அடிப்பார்கள். வெளியே வந்ததும் உள்ளே ஏறி டார்ச் அடித்து, கார்பெட் ஓரம், கதவு ரப்பர், டிக்கி எல்லாம் கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் தடவ வேண்டும். ஒரு சொட்டு ஈரம் என்றாலும் என் விரல் சொல்லிவிடும். ஊரான் கார் எத்தனை பிடித்திருப்பேன். என் வீட்டுக் குட்டை ஒழுகுகிறது.

பகல் பதினொரு மணிக்கு எச்.ஆர். போன். குரலில் அவ்வளவு மரியாதை. "எப்படி இருக்கீங்க பாஸ்கர்? வீட்ல எல்லாரும் சவுக்கியமா? வியாழன் பத்தொன்பது குணாவோட என்கொயரி வெச்சிருக்கோம். அதுக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் ஒரு காபி சாப்பிடலாமே. வெள்ளிக்கிழமை? கம்பெனிக்கு வர வேணாம், வெளியிலயே."

எதற்கு என்று கேட்கவில்லை. போன வாரம் என்னைப் போல் சஸ்பென்ஷனில் இருக்கும் இன்னொருவனையும் இப்படித்தான் காபிக்குக் கூப்பிட்டார்கள். அவன் "குணா மிரட்டினதாலதான் உக்காந்தேன்னு சொல்லணுமாம், சொன்னா உள்ள எடுத்துப்பாங்களாம்" என்றான். முடியாது என்று வந்துவிட்டான். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

வெயிலில் ஆவியாகப் போகிறதா, ஒழுகுகிறதா என்று தெரிய வேண்டும். ஒரு பக்கெட்டில் தண்ணீர் நிரப்பிக் குட்டைப் படியிலேயே வைத்தேன். இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே காற்று. சாயந்திரம் பக்கெட்டில் இறங்கியது தெரியவே இல்லை. குட்டையில் இரண்டு விரல்.

ஆக, ஒழுகல்தான். நிரப்பவில்லை. தானாக எங்கே நிற்கிறதோ அந்த மட்டத்தில்தான் ஓட்டை.

கொசு ஒழிப்புக்கு வரும் அம்மா வந்து, "தண்ணி தேக்கி வெக்கக் கூடாது சார், டெங்கு" என்றார். தேங்கினால்தானே என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மீன் விடுங்கள், இல்லை மூடுங்கள் என்று சொல்லிவிட்டுச் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போனார்.

செல்வி நைட்டுக்குக் கிளம்பும்போது போன் விஷயத்தைச் சொன்னேன். தலை வாரிக்கொண்டே கேட்டாள். ரொம்ப நேரம் வாரினாள்.

"குணாண்ணன் மெரட்டுச்சா?"

"இல்ல."

"தெரியும். கேட்டேன்." கிளிப்பை வாயிலிருந்து எடுத்துக் குத்தினாள். "சொல்லுன்னும் சொல்ல மாட்டேன், சொல்லாதன்னும் சொல்ல மாட்டேன். நாளைக்கி என் தலைல போடக் கூடாது நீங்க."

பஸ் ஹாரன். ஓடிவிட்டாள்.

ஜூன் 11, புதன்

தண்ணீர் படி மட்டத்தில் நின்றுவிட்டது. ஓட்டை அங்கேதான். தடவித் தடவிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

எரிச்சல். யாழினியைத் தேவையில்லாமல் அதட்டினேன். ஹோம்வொர்க்கில் சூரியனுக்குப் பச்சை அடித்திருந்தாள், அதற்கு.

ஜூன் 12, வியாழன்

குணா வந்தான். சொல்லாமல் கொள்ளாமல், பைக்கில். பின்பக்கம் வந்து குட்டையைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இன்னாடா இது! ஷவர் டெஸ்ட்டு பாஸ்கரு வூட்டுக் குட்ட லீக்கா?"

சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். இறங்கிவிட்டான். இதுதான் அவனிடம் பிடித்தது, பிடிக்காததும் இதுதான். யாரும் கூப்பிட வேண்டாம்.

சொட்டு நீலம் அவன் யோசனை. தண்ணீரை அசைக்காமல் படி ஓரமாகத் துளித் துளியாக விட்டோம். மற்ற இடத்திலெல்லாம் நீலம் அப்படியே நின்றது. தெற்கு மூலையில், பேனர் மடிந்திருந்த இடத்தில், நூல் மாதிரி நீண்டு மடிப்புக்குள் போய்விட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

மடிப்பைப் பிரித்தால் அரைவட்ட வெட்டு. நான் வெட்டியது, நானே ஒட்டு போட மறந்தது. குணா பேனரைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தான். அடியில் அவன் தோள், ஈரமாக, மணல் ஒட்டிக்கொண்டு.

"அடப்பாவி, என்னிய அடில போட்டா தண்ணி நிறுத்துற?" திரும்பவும் சிரிப்பு. "பரால்ல. எதுக்காச்சும் யூஸ் ஆவுறனே."

தண்ணீரைக் கொஞ்சம் இறைத்து, காய வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஒட்டு போட்டோம். டீ போட்டுக் கொடுத்தேன். அவன் பேசிக்கொண்டே இருந்தான். பெண்ணுக்குக் காலேஜ் சீட்டு, தம்பியோடு தகராறு. என்கொயரி பற்றி, "ஒண்ணும் புடுங்க முடியாது. மெரட்னேன்னு எவனாவது நேர்ல வந்து சொன்னாத்தான் என்ன வேலைய வுட்டு தூக்க முடியும். எவன் சொல்லுவான்?" என்றான்.

நாளைக்கு எனக்கு காபி என்று அவனிடம் சொல்லவில்லை. வாய் வரை வந்தது. டீயோடு முழுங்கிவிட்டேன்.

நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன், வேறு எங்கே எழுதுவது. அன்று பெயின்ட் ஷாப்பில் ஒரு பையன் சூட்டில் மயங்கி விழுந்தான். மின்விசிறி கேட்டு எத்தனை தடவை ஆயிற்று. எல்லோரும் நின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். என் பூட்ஸுக்குள் எப்போதும் போல் தண்ணீர், கால் வெந்து எரிச்சல். பூட்ஸைக் கழற்றத்தான் தரையில் உட்கார்ந்தேன். கழற்றிவிட்டு எழவில்லை. எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் குணா. அப்புறம்தான் மற்றவர்கள். முதலில் உட்கார்ந்தது நான். யாரும் மிரட்டவில்லை.

ஜூன் 13, வெள்ளி

ஒரகடத்தில் ஏ.சி. ஓட்டல். எச்.ஆர். எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். காபி, நெய் ரோஸ்ட். நான் ரோஸ்ட்டைத் தொடவில்லை, அவரே பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார்.

"நாங்க பொய் சொல்லச் சொல்லல பாஸ்கர். அன்னிக்கு உங்களுக்குப் பயமா இருந்ததா, இல்லையா?"

இருந்தது சார் என்றேன்.

"அவ்வளவுதான். அதைச் சொல்லுங்க. குணா பக்கத்துல வந்து உக்காந்தாரு, எழுந்திருக்கப் பயமா இருந்தது. உண்மைதானே?"

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. சேர்த்து வைத்தால் பொய். கார் டிசைன் போலக் கச்சிதமாகச் செய்திருக்கிறார்கள். பயம் இருந்தது, யாரைப் பார்த்து என்று அவர் கேட்கவே இல்லை. நைட் முடித்து வந்த செல்வியின் சிவந்த கண் ஞாபகம் வந்தது. டீக்கடை ஞாபகம் வந்தது. இன்னொரு மாதம் அந்தத் தெருவில் நான் மட்டும் என்ற நினைப்பு வந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

சரி சார் என்றேன்.

"குட். வியாழக்கிழமை பத்து மணிக்கு. அதுக்கு அடுத்த திங்கள் டூட்டி ஜாயின் பண்ணிக்கலாம். அதுவரைக்கும் யார்கிட்டயும் பேச வேணாம்."

கை கழுவும் இடத்தில் கண்ணாடி. பார்க்கவில்லை.

ஜூன் 14, சனி

ஒன்றும் இல்லை. குட்டை நிரம்பியிருக்கிறது.

செல்வியிடம் சொன்னேன். "சரி" என்றாள். நானும் அதே வார்த்தையைத்தான் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

பக்கெட்டும் குட்டையும் ஒரே மட்டம். ஒழுகல் நின்றுவிட்டது. சந்தோஷப்பட வேண்டும்.

படப்பையில் கப்பி மீன் வாங்கினோம், கவரில். யாழினி எல்லாவற்றுக்கும் பெயர் வைக்கிறாள், பத்து நிமிடத்தில் எது எது என்று மறந்துவிடுகிறாள். ஒரு மீன் ஓரத்திலேயே சுற்றுகிறது. எல்லாப் பக்கமும் போய் முட்டிவிட்டுத் திரும்புகிறது. பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை.

இஸ்திரி: யூனிபார்ம் இரண்டு செட். பூட்ஸ் காயப் போட வேண்டும். பஸ் பாஸ் எங்கே?

ஜூன் 16, திங்கள்

எச்.ஆரைக் கூப்பிட்டு முடியாது என்று சொல்லிவிடலாமா என்று காலையிலிருந்து நாலு தடவை போனை எடுத்தேன். என்ன சொல்வேன்? பயமாக இருக்கிறது என்றா?

குணாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை. ஒரு தடவை ரிங் போயிற்று. கட் செய்தேன். அவன் திரும்பக் கூப்பிட்டான். எடுக்கவில்லை.

பூனை ஒன்று குட்டையைக் கண்டுபிடித்துவிட்டது. வலை வாங்க வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

மேகம். மழை வரும் போல் இருந்து வரவில்லை.

சாயந்திரம் ஐந்து மணி இருக்கும், பைக் சத்தம். குணா. கையில் ஈரச் சாக்கில் சுற்றி அல்லிக் கிழங்கு, அவன் ஊர் ஏரியில் பிடுங்கியது. "இன்னாடா, கூப்ட்டியே, எடுக்கவே மாட்டேன்ற?" என்றான். யாழினி உள்ளே அறையில் இருந்தாள். போனை நோண்டியது அவள்தான் என்றேன். ஏழு வயதுப் பிள்ளை மேல் போட்டுவிட்டேன்.

பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு நேராகக் குட்டைக்குள் இறங்கிவிட்டான். நடுவில் போய் நின்றான். தண்ணீர் தொடை வரைக்கும். குனிந்து தொட்டியை வைத்து, கிழங்கைப் புதைத்து, மேலே கல் வைத்து, "ஆடி முடிய பூத்துடும் பாரு" என்றான். மீன்கள் அவன் காலைச் சுற்றி வந்தன. பக்கெட் மட்டத்தைப் பார்த்தான், குட்டை மட்டத்தைப் பார்த்தான்.

"ஒரு சொட்டு எறங்கல! கில்லாடிடா நீ."

செல்வி நைட்டுக்குக் கிளம்பத் தயாராக டீ டம்ளரோடு வாசற்படியில் நின்றாள்.

"வியாயக்கெயம என்கொயரி. கம்பெனி சைடுல சாட்சி ஒருத்தன் வரானாம். எவன்னு தெரியல, எவனா இருந்தாலும் என் மூஞ்சியப் பாத்து சொல்லட்டும்" என்றான். "என்கொயரில எனக்குத் தொணையா பக்கத்துல ஒக்கார தொழிலாளி ஒருத்தன வெச்சிக்கலாம்னு வக்கீலு சொன்னாரு. அன்னிக்கி மொதல்ல ஒக்காந்தவன் நீதான. உன் பேரக் குடுத்துட்டேன். உன்னக் கேக்கல, கேக்கணுமா இன்னா?"

செல்வி டம்ளரைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"கை குடுடா, வயுக்குது."

குனிந்து கை கொடுத்தேன். கனம். இழுத்து மேலே ஏற்றினேன். கால் முழுக்கச் சேறு, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வியாயக்கெயம காத்தால ஒம்போதுக்கு வரேன். என் வண்டிலயே போயிடலாம். வர இல்ல?"

"வரேன்" என்றேன்.